கம்பெனி மெயில், கம்பெனி நம்பர், கம்பெனி ஃபோல்டர்: சின்ன பனியன் கம்பெனிக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் ஒரு ராத்திரி, எட்டரை மணிக்குத் தூத்துக்குடி கிளம்ப வேண்டிய லாரி எங்கள் கேட்டிலேயே நின்றது. சரக்கு ஏற்றியாகிவிட்டது, டிரைவர் சாப்பிட்டும் வந்துவிட்டார். சரக்கோடு போக வேண்டிய அரசு ஆவணமான ஈ-வே பில் மட்டும் வரவில்லை. பாஸ்வேர்டு போட்டதும் தளம் ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி, ஆறு மாதம் முன்னால் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்ட பழைய அக்கவுண்டண்டின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பதினொன்றரைக்குத்தான் போனை எடுத்தார்.

அடுத்த நாள் உட்கார்ந்து பார்த்தால் அது மட்டும் இல்லை. கம்பெனியின் டொமைன் (வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் உரிய பெயர்), வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் பெயரில். சரக்கு வாங்கும் பையரோடு நடந்த நாலு வருஷக் கடிதப் போக்குவரத்து, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலில். சாயம் போடும் டையிங், பிரிண்டிங், கூலிக்குத் தைக்கும் பவர்டேபிள் எல்லோரிடமும் பேசியது அவரவர் போன் வாட்ஸ்அப்பில். கம்பெனி எங்களுடையது, அதன் பேச்சு மட்டும் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தது.

அதைச் சரிசெய்ய எங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. வரிசை தெரிந்து செய்தால் ஆறு வாரம் போதும். திருப்பூரில் ஆபீஸில் ஆறேழு பேர், உள்ளே முப்பது நாற்பது பேர் என்று இருக்கும் யூனிட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு தொழில் என்றாலும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் ஒரு நோட்டு

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கிப் பட்டியல் போடுங்கள். எந்தச் சேவை, எந்த மெயில், எந்த போன் நம்பர், யார் பெயர், எப்போது காலாவதி. ஐந்து கட்டம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி, ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ், ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்), ஐஸ்கேட் (சுங்கத் தளம்), உத்யம் (சிறுதொழில் பதிவு), பிஎஃப், இஎஸ்ஐ, வங்கி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டொமைன், கரண்ட் பில், ஒவ்வொரு பையரின் வெண்டர் போர்ட்டல் என்று எல்லாம் அதில் வர வேண்டும்.

எங்களுக்கு 19 வரி வந்தது. அதில் 7 வரியில் இருந்த நம்பர், இப்போது கம்பெனியிலேயே இல்லாதவர்களுடையது. ஆடிட்டர் ஆபீஸ் நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள். அவர்கள் வசதிக்காகத் தங்கள் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். தப்பு இல்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. டொமைன்: யார் பெயரில் என்பதுதான் கேள்வி

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் பத்து நிமிஷ வேலை. டாட் இன், டாட் காம் இரண்டில் எது கிடைத்தாலும் சரி, வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அக்கம்பக்கம் ஆகும். விளம்பரத்தில் போடும் விலை முதல் வருஷத்துக்கு மட்டும்தான். புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பான் அல்லது ஆதார் சரிபார்ப்புக் கேட்டால் முதலாளியுடையதைக் கொடுங்கள், ஆபீஸ் பையனுடையதை வேண்டாம்.

டாட் காம் வாங்கியதும் "இந்த மெயில் உங்களுடையதுதானா" என்று ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள லிங்க்கை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்தி வைத்துவிடுவார்கள். விளம்பர மெயில் என்று நினைத்து நாங்கள் அதைத் தள்ளிவிட்டோம். பதினாறாம் நாள் வெப்சைட் காணோம்.

ஏற்கெனவே டிசைனர் பெயரில் இருந்தால் சண்டை போடாமல் வாங்கப் பாருங்கள். டொமைன் விற்கும் வேறு நிறுவனத்துக்கு (ரிஜிஸ்ட்ரார்) மாற்றுவதற்கு ஆத் கோடு என்ற ரகசியக் குறியீடு வேண்டும், சில நாள் பிடிக்கும். டாட் காம் என்றால், பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத டொமைன் நகராது. சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அவர் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் வைத்திருக்கிறாரோ அதே இடத்தில் நீங்களும் ஒரு கணக்குத் திறங்கள். அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசு கேட்பதில்லை, அன்றைக்கே முடிந்துவிடும். பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

3. மெயில் பெட்டி எத்தனை வேண்டும்

ஸோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றில் எதுவும் போதும். சின்ன யூனிட்டுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் நூறு ரூபாய் அளவில் முடிகிற திட்டம் கிடைக்கிறது. கட்டணம் அடிக்கடி மாறுவதால் வாங்கும் அன்று பாருங்கள்.

எல்லோரும் மாட்டும் இடம், தேவைக்கு மேல் பெட்டி வாங்குவது. அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், டாக்குமெண்டேஷன், ஸ்டோர்ஸ் என்று துறைக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு பெட்டி என்று எங்களுக்கு 14 பெட்டிக்கு விலை சொன்னார்கள். துறைப் பெயரெல்லாம் குழு முகவரியாகப் போட்டால் போதும், அதற்குத் தனிக் காசு இல்லை. அக்கவுண்ட்ஸ் முகவரிக்கு வரும் கடிதம் மூன்று பேர் பெட்டியிலும் விழும். ஒருவர் லீவு என்றால் இன்னொருவர் பார்ப்பார். கடைசியில் 7 பெட்டிதான் வாங்கினோம்.

வெளியே கொடுக்கும் முகவரி எப்போதும் துறை முகவரியாகவே இருக்கட்டும். ஆள் மாறினாலும் பையர் பக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அட்மின் கணக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று முதலாளியிடம். அப்புறம் இணைப்பு அளவு. 25 எம்பி வரை அனுப்பலாம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் கோப்பு மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். 18 எம்பிக்கு மேல் போனால் திரும்பி வந்துவிடும். டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரம்), ஆர்ட்வொர்க் கோப்புகளை ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

4. மூன்று வரி எழுதாமல் ஒரு மெயிலும் அனுப்பாதீர்கள்

மெயில் வருவதற்கு, எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரி போதும். அனுப்பும் மெயில் போய்ச் சேர எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று வரியும் டொமைனின் அமைப்புகள் உள்ள டிஎன்எஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த முகவரியிலிருந்து வருவது நிஜமாகவே இவர்கள் அனுப்பியதுதான் என்று எதிர்ப்பக்கத்து சர்வருக்குச் சொல்வது இவைதான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. இல்லாவிட்டால் உங்கள் புரோஃபார்மா இன்வாய்ஸ் பையரின் ஸ்பாமில் கிடக்கும், நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள்.

எழுத வேண்டிய வாசகத்தை மெயில் கொடுக்கும் நிறுவனமே தரும், எடுத்து ஒட்டினால் போதும். மூன்று எச்சரிக்கை மட்டும். எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பில் மென்பொருளும் மெயில் அனுப்புகிறது என்று இரண்டாவது வரி போட்டால் இரண்டுமே செல்லாது. அதே வரிக்குள் சேர்க்க வேண்டும். டிமார்க்கை முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளை இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு 'குவாரண்டைன்' (ஸ்பாமில் போடு) ஆக்குங்கள். எடுத்தவுடன் 'ரிஜெக்ட்' (திருப்பி அனுப்பு) போட்டால் உங்கள் மெயிலே திரும்பும். மாற்றம் ஊர் முழுக்கப் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம், அதனால் ஷிப்மெண்ட் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். சனிக்கிழமை மாலை தொடங்குங்கள்.

5. வாட்ஸ்அப்புக்குக் கம்பெனி சிம்

வாட்ஸ்அப்பை ஒழித்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். நான் கண்டேன். டையிங் யூனிட், பவர்டேபிள் காரர்கள், எம்ப்ராய்டரி எல்லோரையும் மெயிலுக்குக் கொண்டுவர மூன்று மாதம் முயன்றேன். ஒருத்தர் மட்டும் ஒரே ஒரு மெயில் அனுப்பினார், அதிலும் "வாட்ஸ்அப்பில் பார்க்கவும்" என்று இருந்தது. சரி, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போவோம், நம்பர் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

சிம்மைக் கம்பெனி பெயரில் எடுங்கள். கம்பெனி பான், ஜிஎஸ்டி சான்றிதழ், கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் அடையாள அட்டை, லெட்டர்பேடில் ஒரு அதிகாரக் கடிதம் கேட்பார்கள். பார்ட்னர்ஷிப் என்றால் டீட் நகலும் கையில் இருக்கட்டும். போஸ்ட்பெய்டாக எடுப்பது நல்லது. ப்ரீபெய்டை ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் விட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போகலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். ஒரு போனோடு நான்கு கருவிகள் இணைக்கலாம், ஆறு பேர் ஆபீஸுக்கு இது தாராளம். போனை ஆபீஸ் மேஜையில் சார்ஜரோடு வைத்துவிடுங்கள். ஆனால் அந்த போனை அடிக்கடி திறக்க வேண்டும். 14 நாள் திறக்காவிட்டால் இணைத்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆறு இலக்கப் பின் போட்டு, அதை மீட்க கம்பெனி மெயிலைக் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

6. எது 'ஓகே' என்று எழுதி வையுங்கள்

இந்த இடத்தில்தான் எங்களுக்கு உண்மையான நஷ்டம் வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேவி கலர் லேப் டிப், அதாவது சாயம் போடும் முன் ஒப்புதல் வாங்கும் மாதிரித் துண்டு. டையிங்கிலிருந்து ஏ, பி, சி என்று மூன்று துண்டு ஒட்டிய அட்டை வந்தது. பையரின் சார்பில் பார்க்கும் பையிங் ஆபீஸ் மூன்றையும் திருப்பி அனுப்பியது. இரண்டாவது தடவை மறுபடி ஏ, பி, சி. இந்தத் தடவை பி ஓகே என்று மெயில் வந்தது, மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலுக்கு. அந்தப் பெண் பஸ்ஸில் இருந்தார். உடனே டையிங் சூப்பர்வைசருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அண்ணா, அந்த ரெண்டாவது நேவியே போட்டுருங்க." அவர் மனதில் 'ரெண்டாவது' என்றால் பி. சூப்பர்வைசருக்கோ அது இரண்டாவதாக வந்த அட்டை, அதில் முதலில் இருந்தது ஏ. 400 கிலோ துணி ஏ ஷேடில் இறங்கியது. போய்க் கேட்டபோது, "நீங்க சொன்னதுதானுங்க போட்டோம்" என்றார். மெசேஜைத் திரும்பப் போட்டுக் கேட்டால், அவர் சொல்வதும் சரிதான். அந்தத் துணியைக் கறுப்பாக்கி வேறு ஆர்டருக்குத் தள்ளினோம். நேவிக்குப் புதிதாக நூல் வாங்கினோம். 11 நாள் போயிற்று.

அதன் பிறகு போட்ட விதி: சாயம், அளவு, பிரிண்ட், எண்ணிக்கை மாற்றம், டெலிவரித் தேதி, விலை, இந்த ஆறுக்கும் வாய்ஸ் மெசேஜும் போன் பேச்சும் செல்லாது. பேசலாம், ஆனால் எழுத்து வந்த பிறகுதான் வேலை தொடங்கும். எழுத்து இப்படி இருக்க வேண்டும்: ஆர்டர் எண், ஸ்டைல் எண், கலர், அட்டை எண், துண்டு எழுத்து, அட்டைத் தேதி. பிசினஸ் ஆப்பில் இதைத் தயார் வாசகமாகச் சேமித்துவிட்டோம். சாய்வுக் கோடு தட்டினால் வந்துவிடும், எண்களை மட்டும் நிரப்பினால் போதும். டையிங்கிலிருந்து வெறும் கட்டைவிரல் படம் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

போன் போட்டோவை வைத்துக் கலரை முடிவு செய்யாதீர்கள். அட்டை எண் தெரிவதற்கு மட்டும்தான் போட்டோ. அதையும் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எண் தெரியாது.

புகாரும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஜாப் ஒர்க் (கூலி வேலை) செய்பவர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால், எம்எஸ்எம்இடி சட்டப்படி சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகும். பணம் கொடுக்கும் கெடு அதிலிருந்து ஓடும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. போனில் கத்தியது எதற்கும் சாட்சி ஆகாது.

7. ஃபோல்டர்

ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே பி.ஓ (பையரின் ஆர்டர்), டெக் பேக், அப்ரூவல், ஜாப் ஒர்க் டி.சி (டெலிவரி சலான்), ஷிப்பிங். ஐந்துக்கு மேல் போகாதீர்கள், போனால் யாரும் போடமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு ஓகேயும் அன்று சாயங்காலமே ஸ்கிரீன்ஷாட்டாக அப்ரூவல் ஃபோல்டருக்குள் போக வேண்டும். இதற்கு ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். 'எல்லோரும் போடுங்க' என்றால் ஒருத்தரும் போடமாட்டார்கள். இரண்டு நாள் வரை அனுப்பியவரே எல்லோருக்கும் அழித்துவிட முடியும் என்பதால் 'அன்றே' என்பது முக்கியம்.

தகராறு கோர்ட்டுக்குப் போகும் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்த போனை விற்றுவிடாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள், மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

8. ஊருக்குச் சொல்வது: இதற்குத்தான் நாள் பிடிக்கும்

*ஜிஎஸ்டி:* கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் மெயில், போன் மாற்றுவது 'நான்-கோர்' திருத்தம். அதிகாரி ஒப்புதல் வேண்டாம், ஓடிபி போட்டால் முடிந்தது. பழைய கணக்கின் கடவுச்சொல்லே கையில் இல்லை என்றால்தான் உங்கள் சரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே கையெழுத்து அதிகாரத்துக்கான ஆதாரத்தோடு போங்கள்.

*ஈ-வே பில்:* ஜிஎஸ்டியில் மாற்றினால் இங்கே தானாக மாறிவிடும் என்று நினைத்து ஏமாந்தேன். உள்ளே போய் 'அப்டேட்' கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். எனவே டிஸ்பேட்ச் ஆளுக்குத் தனியாகச் சப்-யூசர் உருவாக்கி அவர் நம்பரைக் கொடுங்கள். லாரி நிற்கும்போது முதலாளியைத் தேட வேண்டியிருக்காது.

*ஐஇசி:* எப்படியும் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் தளத்தில் போய் உறுதிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் முடக்கிவிடுவார்கள். மெயிலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

*வங்கி:* லெட்டர்பேடில் கடிதம், பதிவான கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது வேலை நாள் ஆனது, இரண்டு தடவை நேரில் போக வேண்டி வந்தது.

*பையர்:* ஏற்றுமதி பையர்களின் வெண்டர் பதிவில் மெயில் மாற்றுவதுதான் ஆகக் கடைசியில் முடிந்தது, ஒரு இடத்தில் ஐந்து வாரம். பழைய ஜிமெயிலை மூடாதீர்கள். ஆறு மாதம் புது முகவரிக்கு ஃபார்வர்டு போட்டு வையுங்கள்.

9. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது"

மெயில் மாறும் இந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பழைய ஜிமெயிலுக்குள் எப்போதோ நுழைந்து, பேச்சைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். இன்வாய்ஸ் போகும் நாளில் உங்களைப் போலவே பையருக்கு ஒரு மெயில் போகும்: மெயில் மாறிவிட்டது, கணக்கும் மாறிவிட்டது. முகவரியில் 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். சின்ன எழுத்தில் வித்தியாசமே தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு யூனிட்டுக்கு ஒரு கண்டெய்னர் பணம் இப்படிப் போனது.

அதனால் முகவரி மாற்றக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: வங்கிக் கணக்கு மாறவில்லை, மாறினால் மெயிலில் மட்டும் சொல்லமாட்டோம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீங்கள் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள். உங்களுக்கு வரும் இன்வாய்ஸுக்கும் இதே விதி. மாட்டிக்கொண்டால் முதல் போன் வங்கிக்கு, அடுத்தது சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு. சைபர் கிரைம் தளத்தில் புகாரும் பதியுங்கள். மணிக்கணக்கில்தான் பணத்தை நிறுத்த முடியும், நாள்கணக்கில் முடியாது.

10. செலவு

முதல் வருஷம் எங்களுக்கு ஆனது: டொமைன் 900, ஏழு பெட்டி மெயில் 8,400, போன் 9,000, சிம் 4,800, முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் புதுப்பித்தது 2,000 ரூபாய். மொத்தம் 25,100, வரி தனி. அடுத்த வருஷம் போன் செலவு இல்லை, டோக்கன் மட்டும் காலாவதியாகும்போது மறுபடி புதுப்பிக்க வேண்டும். டையிங்கில் போன 400 கிலோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

11. ஒருத்தர் வேலையை விடும்போது

கணக்கு முடிக்கும் நாளில் அந்த நோட்டை எடுத்து வையுங்கள். அவர் நம்பர் எந்த வரியில் இருக்கிறதோ அதை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மாற்றுங்கள். ஓடிபி வரும், அவரே சொல்வார், பத்து நிமிஷம். மெயில் பெட்டியை அழிக்காதீர்கள், பாஸ்வேர்டை மாற்றி மூன்று மாதம் அடுத்தவரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகள் பட்டியலில் அவர் லேப்டாப் இருந்தால் வெளியேற்றுங்கள். அட்மின் கணக்கின் மீட்புக் குறியீடுகளைப் பிரிண்ட் எடுத்து, நோட்டோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுங்கள். எங்கள் பீரோ சாவி மட்டும் இன்னும் பழைய அக்கவுண்டண்ட் மாட்டிவிட்டுப் போன அதே ஆணியில்தான் தொங்குகிறது.